சரவாங்கியில் பாதம் படும் பாடு

கும்பப்பூ நடவுக் காலத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களில் சேற்றில் கால் புதைத்து நாற்று நடுகின்றவர்கள், விடியலுக்கு முன்பே எழுந்து குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து மேடுகளில் மரத்துக்கு மரம் நடந்து ரப்பர் பால் எடுக்கின்றவர்கள், நெடுந்தூரம் நடந்து பஸ் பிடித்து அண்டியாபீஸ் என்னும் முந்திரி ஆலைக்குப் போய் வருகின்றவர்கள் என்று குமரி மாவட்டத்தின் உழைக்கும் பெண்களை நினைத்துப் பார்த்தால், அவர்களுடைய ஜீவனம் முழுவதும் இரண்டு பாதங்களின் மேல் நிற்பது விளங்கும். அப்படிப்பட்ட பெண் ஒருத்திக்கு முடக்குவாதம் என்றும் சரவாங்கி என்றும் நம்மவர் சொல்லும் வியாதி வந்துவிட்டால், மடக்க முடியாத கைவிரல்களையும் வீங்கிய முழங்காலையும் அவள் வைத்தியரிடம் காட்டுகிறாளே ஒழிய, செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுவதில்லை. காட்டும்படி கேட்பவர்களும் குறைவு. கால் நோவு என்பது உழைப்போடு கூடப் பிறந்தது, அதற்கு மருந்தில்லை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்த நோவுக்குத் திட்டமான ஒரு காரணம் உண்டு என்பதையும், அந்தக் காரணத்தையே நேராகச் சென்று தீர்க்கும் ரண சிகிச்சை ஒன்று நூறாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கிறது என்பதையும் நம்முடைய ஜனங்கள் அறியவேண்டும் என்ற ஆதங்கத்தினால் இதை எழுதுகிறேன்.

வியாதியின் சுபாவத்தை முதலில் பார்க்கலாம். சரீரத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, மூட்டுகளின் உள்ளே படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வைப் பகையென்று கருதி அதன்மேல் பாய்கிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. தடித்த சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. மூட்டைச் சுற்றிக் கட்டி நிறுத்தும் நார்களைத் தளர்த்திவிடுகிறது. நம் நாட்டுப் பழைய வைத்திய நூலான மாதவ நிதானம் ஆமவாதம் என்ற பெயரில் இதற்கு நெருங்கிய ஒரு நோயை வர்ணித்திருக்கிறது. ஐரோப்பாவில் 1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லாந்த்ரே-போவே என்ற இளம் வைத்தியர் தம் பட்ட ஆராய்ச்சியில் இதைத் தனியாக எடுத்து விவரித்தார். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இது வருகிறது என்றாலும், ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அதுவும் குடும்பத்தின் பாரத்தைச் சுமக்கும் நடுவயதில் வருகிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ மூட்டுகள் விறைத்துக்கிடப்பது இதன் முக்கிய அடையாளம். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும். ஆகையால் சரீரம் மிகவும் விறைத்திருக்கும் அதே நாழிகையில்தான் இந்த வியாதிக்காரி மேட்டில் ஏறி மரத்துக்கு மரம் நடக்கவேண்டியிருக்கிறது.

பாதம் இந்த வியாதியில் எவ்வளவு தூரம் பாதிக்கப்படுகிறது என்பதை முதன்முதலில் விரிவாகக் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் பின்லாந்து தேசத்துக் கௌக்கோ வைனியோ குறிப்பிடத்தக்கவர். ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளைப் பரிசோதித்து 1956-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பத்தில் ஒன்பது பேருக்கு ஏதாவதொரு கட்டத்தில் பாதத்தில் நோய் கண்டிருந்தது. ஆயினும் இன்றைக்கு உலகெங்கும் இந்த வியாதியின் உக்கிரத்தை அளப்பதற்கு வைத்தியர்கள் பெரிதும் கையாளும் கணக்கு இருபத்தெட்டு மூட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன, பாதத்தின் மூட்டு ஒன்றுகூட இல்லை. விரைவாகப் பரிசோதிக்கவேண்டும் என்ற சௌகரியத்துக்காக வகுத்த கணக்கு அது. அதில் தவறு காண்பது என் நோக்கமன்று. ஆனால் கணக்கில் வராத அவயவம் கவனத்திலும் வராமற்போய்விடுகிறது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது. மற்ற மூட்டுகள் எல்லாம் மருந்துக்கு அடங்கி, நோய் தணிந்துவிட்டதாகச் சீட்டில் எழுதப்பட்ட பிறகும், முன்பாதத்தில் மட்டும் வீக்கம் கனன்றுகொண்டிருப்பது அபூர்வமன்று.

முன்பாதத்தில் நடப்பது என்ன? பாதத்தின் நடுவிலிருந்து விரல்களின் அடிவரைக்கும் ஐந்து நீண்ட எலும்புகள் ஓடுகின்றன. மெட்டாடார்சல் என்பது அவற்றின் வைத்தியப் பெயர். அவற்றின் உருண்ட முனைகள் விரலெலும்புகளோடு கூடும் ஐந்து மூட்டுகள்தாம் முன்பாதத்தின் ஆதாரம். குதிகால் தரையைவிட்டு எழும்பி, நாம் அடுத்த அடி எடுத்துவைக்கும் அந்தக் கணத்தில், உடலின் பாரம் முழுவதும் இந்த முனைகளின் மேலும் விரல்களின் மேலும் இறங்குகிறது. அதைத் தாங்குவதற்காகவே முனைகளுக்கு அடியில் கனத்த கொழுப்புத் திண்டு ஒன்றையும், ஒவ்வொரு மூட்டின் அடியிலும் உறுதியான நார்த்தகடு ஒன்றையும் இயற்கை அமைத்திருக்கிறது. வாதம் இந்த மூட்டுகளில் புகுந்து சவ்வு வீங்கியவுடன் எலும்பு முனைகள் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன. பாதம் அகலமாகிப் பழைய செருப்பு கொள்ளாமற்போகிறது. நார்த்தகடு தளர்ந்து கிழிகிறது. தடுப்பாரின்றிப் போன விரல்கள் மேல்நோக்கி இழுபட்டு, நாளடைவில் மூட்டைவிட்டு விலகி, மெட்டாடார்சல் முனையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. நுனிகள் கொக்கியாக மடங்குகின்றன. ஏறிய விரல்களோடு அடியிலிருந்த கொழுப்புத் திண்டும் முன்னால் இழுபட்டுப் போய்விடுவதால், திண்டில்லாத வெறும் எலும்பு முனைகள் உள்ளங்காலின் தோலை நேராக அழுத்துகின்றன. தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் காய்த்துப் போகிறது; காய்ப்புத் தடித்தால் அதுவே மேலும் அழுத்துகிறது; கடைசியில் புண்ணாகிறது. இதற்கிடையே பெருவிரலும் மற்ற விரல்களின் பக்கமாகச் சாய்ந்து, அவற்றின் மேலோ கீழோ போய்க் கிடக்கிறது.

"காலுக்க அடியில கூழாங்கல்லு கெடக்கிய மாதிரி இருக்கு" என்று நம் ஊர் நோயாளிகள் சொல்வார்கள். இது வெறும் உவமை அன்று. அங்கே கிடப்பது அவர்களுடைய சொந்த எலும்பின் முனை, அவ்வளவே. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கருங்கல் பிரகாரத்தை வெறுங்காலோடு ஒருமுறை வலம் வருவது இப்படிப்பட்ட பாதத்துக்கு எத்தகைய சோதனை என்பதை, நோவில்லாத பாதமுடைய நாம் ஊகித்துத்தான் அறியவேண்டும்.

கத்தியை எடுப்பதற்கு முன்பு செய்யத்தக்கவை பல. அவற்றில் தலையாயது மருந்து. இந்த வியாதிக்கு இன்று உலகம் முழுவதும் முதல் மருந்தாக வழங்கும் மெத்தோட்ரெக்ஸேட், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆராய்ச்சிக் குழுவினரிடமிருந்து 1940-களில் பிறந்தது. புற்றுநோய்க்கென்று வந்த அது, மிகச் சிறிய அளவில் வாதத்தையும் அடக்கும் என்பது உறுதிப்பட்டு, 1988-இல் அமெரிக்க அரசின் அனுமதியையும் பெற்றது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இதைச் சாப்பிடவேண்டும். மறந்துபோய்த் தினமும் சாப்பிட்டவர்கள் உயிராபத்துக்கு உள்ளானது உண்டு என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். உரிய காலத்தில் இந்த மருந்தைத் தொடங்கியவர்களுக்குப் பாதம் மேற்சொன்ன கோர ஸ்திதியை அடைவது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அடுத்தது செருப்பு. இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய ரண வைத்தியர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்ப்படுத்துவதிலேயே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டார். பாதத்தில் புண் வருவது நோய்க்கிருமியினால் அன்று, உணர்ச்சியற்ற தோல் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப அழுந்துவதனால்தான் என்பதை அவரும் அவருடைய சகாக்களும் நிரூபித்து, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும் மிருதுவான ரப்பர் அடித்தளமுள்ள காலணிகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கொடுக்கப்படுவது அந்த உழைப்பின் வழியில் வந்தது. தொழுநோயாளிக்கு நோவு தெரியாது, வாத நோயாளிக்கு நோவு தாங்காது. எனினும் எலும்பு முனை தோலை அழுத்தும் விஷயத்தில் இருவர் பாதமும் ஒன்றே. ஆகையால் இந்தச் செருப்பு சரவாங்கிக்காரருக்கும் மிகுந்த இதம் தரும். வாசலில் செருப்பைக் கழற்றும் நம் வழக்கத்தை விடவேண்டியதில்லை. வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் போதும். மொசைக்கிலும் டைல்ஸிலும் நாள் முழுவதும் வெறுங்காலோடு நின்று சமையல் செய்வதைக் காட்டிலும் கொடிய தண்டனை இந்தப் பாதங்களுக்கு வேறில்லை.

காய்ப்பைப் பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்கென்று கடைகளில் விற்கும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டுவதும் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு மெலிந்த தோல் எளிதில் புண்ணாகி, ஆற நாளாகும். நம் நாட்டு ஆசான்மார் காய்ச்சித் தரும் தைலத்தை மெதுவாகத் தடவுவதில் இதமுண்டு. ஆனால் மூட்டுவிட்டு ஏறிநிற்கும் விரலை இழுத்து நிமிர்த்தப் பார்ப்பது அறவே தகாது.

மருந்து நோயை அடக்கியும், செருப்பு இதம் தந்தும், விரல்கள் ஏறியபடியே நிலைத்து, ஒவ்வோர் அடியும் வேதனையாக இருக்குமானால், அப்போது ரண சிகிச்சையைப் பற்றி யோசிக்கவேண்டும். இடம் மாறிப்போன எலும்பை எந்த மாத்திரையும் பழைய இடத்துக்குக் கொண்டுவராது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த ஹாஃப்மன் என்ற ரண வைத்தியர் 1911-12-இல் ஒரு துணிகரமான யோசனையை எழுதி வெளியிட்டார். உள்ளங்காலை அழுத்தி வதைப்பது மெட்டாடார்சல் முனைகள் என்றால், அந்த முனைகளையே எடுத்துவிட்டால் என்ன என்பதே அது. எடுத்துப் பார்த்தார், ஏறிய விரல்கள் இறங்கி நேராயின, அழுத்தம் நீங்கியது, நோவும் நீங்கியது. மூட்டை அழித்து மூட்டு நோவைத் தீர்ப்பது முரணாகத் தோன்றினாலும், ஏற்கனவே நோயினால் அழிந்துபோன மூட்டையே அவர் அகற்றினார் என்பதை மறக்கலாகாது. பிரிட்டனில் ஃபௌலர் 1959-இல் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார்: எலும்பு முனைகளை மேற்புறத்திலிருந்து அகற்றியதோடு, உள்ளங்காலில் தோலை ஒரு கீற்றாக எடுத்துத் தைத்து, முன்னால் ஓடிப்போன கொழுப்புத் திண்டைப் பழையபடி, வெட்டி மிஞ்சிய எலும்புகளுக்கு அடியில் இழுத்து அமர்த்தினார். அமெரிக்காவின் டென்வரில் கிளேட்டன் 1960-இல் வாத நோயாளிகளுக்கென்றே இந்தச் சிகிச்சையை விரிவாக எழுதினார். 1967-இல் கேட்ஸ், கெஸல், கே ஆகிய மூவர் உள்ளங்கால் வழியாகவே முழுவதையும் செய்யும் முறையைப் பரப்பினார்கள். வழிகள் பலவாயினும், முனைகளை எடுக்கும்போது மிஞ்சும் எலும்புகளின் நீளம் பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சீராக வளைந்து குறைந்து வரவேண்டும் என்பதை எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். ஒன்று மட்டும் நீண்டு நின்றால், பாரமெல்லாம் அதன் தலையில் விழுந்து, பழைய காய்ப்பு அங்கே மீண்டும் தோன்றும்.

பெருவிரலைப் பற்றிய விவாதம்தான் சுவையானது. நம் நாட்டவர் கருத்தூன்றிக் கேட்கவேண்டியதும் அதுவே. அமெரிக்கப் படை வைத்தியரான கெல்லர் 1904-இல் எழுதிய முறைப்படி, பெருவிரலின் அடியெலும்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. மூட்டு அசையும், நோவும் போகும். ஆனால் தரையை உந்தித் தள்ளும் பலத்தைப் பெருவிரல் இழந்துவிடுவதால், அந்தப் பாரம் மற்ற நான்கின் மேல் விழுகிறது. சில ஆண்டுகளில் விரல் மீண்டும் கோணலாவதும் உண்டு. ஆகையால் இன்று பெரும்பாலோர் பெருவிரலின் அடி மூட்டைத் திருகாணியோ தகடோ கொண்டு ஒரே எலும்பாகச் சேர்த்துவிடுகிறார்கள். அசைவு போய்விடும், அதற்குப் பதிலாக நோவில்லாத, சாயாத, பாரம் தாங்கும் ஒரு தூண் கிடைக்கும். நடப்பதற்கு வசதியாக விரலைத் தரையிலிருந்து பத்துப் பதினைந்து பாகை மேல்நோக்கி நிறுத்திச் சேர்ப்பது வழக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸ் அணிந்து நடக்கும் தேசங்களில் இந்த அளவு பொருந்தும். நம் மாவட்டத்துப் பெண்ணோ கோட்டாறு சவேரியார் கோயிலில் முழந்தாளிட்டு ஜபிக்கிறாள். தொழுகையில் பாதத்தை நிறுத்தி விரல்களை மடக்கி அமர்கிறாள். குந்தியிருந்து மீன் அறுக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள். குதிகால் உயர்த்திப் பரணில் இருப்பதை எடுக்கிறாள். இவற்றில் பலவற்றுக்குப் பெருவிரல் அடிமூட்டு மேல்நோக்கி நன்றாக மடங்கவேண்டும். மூட்டைச் சேர்த்துவிட்டால் முழந்தாளிடும்போது பாதத்தைப் பின்னால் நீட்டிப் படுக்கவைத்துக்கொள்ளவேண்டும். அதற்குக் கணுக்கால் இணங்கவேண்டும். கணுக்காலிலும் வாதம் இருந்தால் அதுவும் முடியாது. நோவற்று நடப்பதற்காக இந்த அசைவுகளை விட்டுக்கொடுப்பது பெரும்பாலோருக்கு லாபமே என்பது என் அபிப்பிராயம். விரல்கள் முழுவதும் ஏறி, ஏற்கனவே மூட்டு விறைத்துப்போனவர்களுக்கு இழப்பதற்கு அதிகம் இருப்பதுமில்லை. ஆனால் அந்தப் பேரத்தைச் செய்யவேண்டியவள் நோயாளியே. தான் எப்படி உட்காருகிறாள், எப்படிப் பிரார்த்திக்கிறாள், எந்த வேலையால் பிழைக்கிறாள் என்பதையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே அவள் டாக்டரிடம் சொல்லவேண்டும், டாக்டரும் கேட்கவேண்டும். நாணத்தினால் சொல்லாமல் விட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

நல்ல மருந்துகள் வந்தபிறகு வேறொரு வழியும் திறந்திருக்கிறது. நோய் அடங்கி, எலும்பு முனை அரிக்கப்படாமல் உருண்டையாகவே இருக்குமானால், அதை எடுத்தெறியாமல், பின்னால் எலும்பைச் சாய்வாக வெட்டி, முனையைச் சற்றே பின்வாங்கச் செய்து திருகாணியால் நிறுத்திவிடலாம், மூட்டு பிழைக்கும். ஜப்பானிய வைத்தியர்கள் இதில் மிகுந்த ஊக்கம் காட்டியிருக்கிறார்கள். இளம் வயதினருக்கும், பாதம் இன்னும் முற்றிலும் சிதையாதவர்களுக்கும் இது ஒரு வரப்பிரசாதம். ஆனால் இந்த வாய்ப்பு காலத்தோடு காட்டிக்கொண்டவர்களுக்கே உரியது. மூட்டு அழிந்தபிறகு வருகின்றவர்களுக்கு ஹாஃப்மன் காட்டிய பழைய வழியே கதி.

ரண சிகிச்சை நம் மண்ணுக்குப் புதியதன்று. இலண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே 1838-இல் தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரியில், எவரெஸ்ட் சிகரம் ஏறவந்து 1922-இல் இந்தப் பக்கத்து நோயாளிகளின் நிலை கண்டு இங்கேயே ஊழியம் செய்ய நிச்சயித்த ஹோவர்டு சோமர்வெல், குடற்புண்ணுக்காகக் கத்தி பிடித்த காலத்தில், தொலைதூரத்து ஜனங்களும் அவரைத் தேடி வந்தார்கள். வயிற்றைத் திறக்க அஞ்சாத நம்மவர், பாதத்துக்கும் ஒரு சிகிச்சை உண்டு என்பதை மட்டும் கேள்விப்படாமலே இருக்கிறார்கள். இன்று ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஒரு பஸ் பிரயாண தூரத்தில் இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனித்துறை இயங்குகிறது. எலும்பு டாக்டரும் வாத நோய் டாக்டரும் கலந்து பேசித் தீர்மானிக்கும் இடமே இதற்கு உகந்தது.

கலந்து பேசவேண்டிய அவசியம் ஒன்றிரண்டல்ல. சரவாங்கி கழுத்தெலும்பின் முதல் இரண்டு கண்ணிகளையும் தளர்த்திவிடக்கூடும் என்பதால், மயக்கமருந்து கொடுக்குமுன் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். முழு மயக்கம் கொடுக்காமல், முதுகுத் தண்டிலோ கணுக்காலைச் சுற்றியோ ஊசிபோட்டு மரத்துப்போகச் செய்வதும் சாத்தியம். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பெரும்பாலும் நிறுத்தவேண்டியதில்லை. வாதத்தை அடக்கும் புதிய ஊசி மருந்துகளைச் சில காலம் ஒத்திப்போடச் சொல்வார்கள். ஸ்டீராய்டை மட்டும் நோயாளி தாமாக ஒருபோதும் திடீரென்று நிறுத்தக்கூடாது. பாதத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைச் சோதித்திருக்கவேண்டும். பீடியோ சிகரெட்டோ இருந்தால் விட்டாகவேண்டும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளையும் மாற்றவேண்டியவர்களுக்குப் பல டாக்டர்கள் பாதத்தையே முதலில் சீர்செய்கிறார்கள். பாதத்துப் புண்ணிலிருந்து கிருமி பரவிப் புதிய மூட்டைக் கெடுத்துவிடலாகாது என்பது அதற்கு ஒரு காரணம். சிகிச்சையின் குறைகளையும் மறைக்கலாகாது. காயம் ஆறத் தாமதமாகலாம், கிருமி சேரலாம், சேர்த்துவைத்த பெருவிரல் எலும்பு கூடாமற்போகலாம், சின்ன விரல்கள் நேரானாலும் வலுவிழந்து தொளதொளவென்று இருக்கலாம், ஆண்டுகள் கழித்துக் காய்ப்புத் திரும்பலாம். இவ்வளவும் இருந்தும், செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நோவு குறைந்து திருப்தியுடன் நடக்கிறார்கள் என்பதையே பல தேசத்து அனுபவமும் காட்டுகிறது.

இது அவசர சிகிச்சை அன்று. நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம். விரல்களை நேராக நிறுத்த ஒவ்வொன்றிலும் ஓட்டிய மெல்லிய கம்பி நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நாலு முதல் ஆறு வாரம் இருக்கும். அந்தக் காலத்தில் பாதம் நனையவே கூடாது. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை பெய்யும் நம் மாவட்டத்தில், கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி, பங்குனியே இதற்கு ஏற்ற காலம். வயல்வேலையும் அப்போது குறைவு. முதல் சில நாட்கள் காலைத் தலையணைமேல் உயர்த்தியே வைத்திருக்கவேண்டும். பிறகு அடிப்பாகம் வளையாத தனிச் செருப்பணிந்து, குதிகாலில் பாரமிட்டு, வாக்கர் பிடித்து நடக்கலாம். கைவிரல்களிலும் வாதம் உள்ளவர்களுக்கு முழங்கையைத் தாங்கும் வாக்கர் கேட்டு வாங்கவேண்டும். பெருவிரல் எலும்பு கூடியதென்று எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுவரை சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் யார் செய்வது என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவேண்டும். வீக்கம் முழுவதும் வடிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், புது எம்.சி.ஆர். செருப்புக்கு அதன் பிறகே அளவு கொடுப்பது நல்லது.